எண்ணக்கூடாத பிள்ளைகள்

மலையடிவாரம்,
தர்மபுரி தாலுகா.
18-6-1938

அன்புள்ள தம்பி மாதையனுக்கு,

அக்கா தீர்த்தம்மாள் ஆசீர்வாதம். நீயும் ராணியம்மாளும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். என்னைப் பற்றிக் கவலைப்படாதே, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

விடுதிக்கென்று சங்கத்திலிருந்து நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. ஒரு வெண்கல மணி, ஒரு ஆஜர்ப் புத்தகம், ஒரு கட்டுப் பாய். பாய் வேண்டியிருந்தது. மற்ற இரண்டையும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

சங்கத்தில் கிளார்க்காக இருந்துகொண்டு எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் நீ. ஆனால் விடுதியை நீ இன்னும் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன். போன வருஷம் மதுவிலக்கு வந்து மூடிய கள்ளுக்கடைதான் நமது விடுதி. மூன்று தடவை சுண்ணாம்பு அடித்தும் மழை பெய்தால் பழைய வாசனை வந்துவிடுகிறது. சந்தைக்குப் போகிற கிழவர்கள் பழக்க தோஷத்தில் வாசலில் வந்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, என் கையில் கரண்டியைக் கண்டதும் நடையைக் கட்டுகிறார்கள்.

பிள்ளைகள் பதினோரு பேர். எல்லாரும் வத்தல்மலையில் மலைக்காய்ச்சலுக்குத் தகப்பனைப் பறிகொடுத்தவர்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறார்கள். மாதேஸ் என்று ஒருவன், உரலையே விழுங்கிவிடுவான், அப்படிப் பசி. கருப்பி வாய்க்காரி. ஏழு வயதுச் செல்லி மட்டும் வந்த நாள் முதல் வாயைத் திறக்கவில்லை. சமையலுக்கு ராமக்கா இருக்கிறாள். மலைக்காரி, மாதேஸின் தாய். தண்ணீர் கொண்டுவர மல்லையன். முன்பு இதே கடையில் கள்ளுப்பானை தூக்கியவன். பானை அதேதான், உள்ளே இருப்பதுதான் மாறியிருக்கிறது என்கிறான்.

நீ என் அக்கா என்று சங்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே என்று சீட்டில் எழுதியிருந்தாய். சரியப்பா. இண்டூர் வாத்தியார் பெண்டாட்டி, புருஷன் இல்லாதவள் என்று மட்டும் தெரிந்தால் போதும். உனக்கு நான் அக்காவாகப் பிறந்தது என் தப்புதானே. ஆனாலும் ஒரு நாள் வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ.

அன்புள்ள அக்கா,
தீர்த்தம்மாள்


சேலம்,
27-6-1938

அக்காவுக்கு,

தம்பி மாதையன் வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதத்தைப் படித்து ராணியம்மாள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணியையும் புத்தகத்தையும் ஆணியில் மாட்டவா நான் அனுப்பினேன்?

காலையும் மாலையும் மணி அடிக்க வேண்டும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, தலையை எண்ணி, புத்தகத்தில் ஆஜர் போட்டு, மாதக் கடைசியில் எனக்கு அனுப்ப வேண்டும். இது சங்கத்து விதி. விளையாட்டு இல்லை. சேலத்தில் இருநூறு பிள்ளைகள் இருக்கிற பெரிய விடுதி இருக்கும்போது ஒரு கைப்பிடிப் பிள்ளைகளுக்குத் தனியாக எதற்கு ஒரு விடுதி என்று கமிட்டியில் இருக்கிற பெரிய நிலக்காரர் மிட்டாதார் ஐயா கேட்டுக்கொண்டே இருக்கிறார். பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டு அதை மூட வேண்டும் என்பது அவர் எண்ணம். பிரசிடெண்டு ஐயாதான் ஆறு மாதம் பார்க்கலாம் என்று தவணை வாங்கியிருக்கிறார். தை மாதத்தில் நேரில் வந்து பார்ப்பார்கள். புத்தகம் சரியாக இருந்தால்தான் விடுதி நிற்கும்.

அக்கா என்று சொல்லாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நம் பெரியவளுக்குப் பாப்பாரப்பட்டியில் ஒரு இடம் பேச்சு நடக்கிறது. பெண்ணின் அத்தை மலைக்காரர்களோடு உட்கார்ந்து ஒரே பானையில் சாப்பிடுகிறாள் என்று தெரிந்தால் அந்தச் சனங்கள் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியாதா? முகூர்த்தம் முடியட்டும்.

தம்பி,
மாதையன்


மலையடிவாரம்,
24-7-1938

அன்புள்ள மாதையனுக்கு,

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. நிதானமாகப் படி.

உன் பேச்சைத் தட்டக்கூடாது என்று சந்தை நாளாகப் பார்த்து ஆரம்பித்தேன். அன்றுதான் மலையிலிருந்து தாய்மார்கள் இறங்கி வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்கள் கண்முன்னே செய்தால் பெருமையாக இருக்குமே என்று நினைத்தேன். மணி அடித்தேன். பிள்ளைகளை வாசலில் வரிசையாக நிறுத்தினேன். ஒவ்வொரு தலையாகத் தொட்டு, சத்தம் போட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது தலை கருப்பி. அவளுடைய தாய் சின்னக்கா கொண்டுவந்த நெல்லிக்காய்க் கூடையைக் கீழே போட்டுவிட்டாள். நான் நிறுத்தவில்லை. கடைசித் தலை வரைக்கும் எண்ணி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். தாய்மார்கள் எல்லாரும் கூடைகளை எடுத்துக்கொண்டார்கள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் மலை ஏறிவிட்டார்கள்.

மறுநாள் மாதேசுக்குக் காய்ச்சல். பச்சை மாங்காயை அளவில்லாமல் தின்றால் வராதா? ஆனால் அதற்கு மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் மாமன்மார்கள் வந்து எல்லாப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ராமக்காவும் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கதவருகில் நின்று அவள்தான் எனக்கு விளங்கச் சொன்னாள்.

"பட்டி ஆட்டையே நாங்க எண்ண மாட்டமுங்க. எண்ணிப்போட்டா ஒண்ணு கொறையும். நீங்க புள்ளைங்கள எண்ணிப்போட்டீங்க."

தம்பி, வாத்தியாரோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். எனக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் இது தெரியாமல் போயிற்றோ என்று நினைத்து அன்றைக்கு முழுதும் அழுதேன். வெறும் வீட்டில் நானும் மல்லையனும் மட்டும். நீங்கள் எண்ணிவிட எனக்குப் பிள்ளை இல்லை, அதனால் நான் மட்டும் இருக்கிறேன் என்றான் அவன்.

அவர்கள் போன மூன்றாம் நாள் மல்லையனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். அட்டை கடித்தது, செருப்பு அறுந்தது. அவர்களுடைய ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, தெரியாமல் செய்துவிட்டேன், இனி உங்கள் பிள்ளைகளை எண்ண மாட்டேன் என்று அவர்கள் கோயில் கதவைத் தொட்டுச் சொன்னேன். இரண்டு நாள் அங்கேயே இருந்தேன். சாமைச் சோறு போட்டார்கள், கருப்பி எனக்குப் பேன் பார்த்தாள். மூன்றாம் நாள் நான் இறங்கும்போது சின்னக்காதான் முதலில் மகளை என் கையில் பிடித்துக் கொடுத்தாள். பின்னால் ராமக்காவும் மற்றவர்களும் வந்தார்கள். போன பிள்ளைகள் எல்லாம் வந்தாயிற்று, குள்ளன் என்று ஒரு புதுப் பயலும் கூட வந்திருக்கிறான். மொத்தம் எத்தனை என்று எழுத மாட்டேன். நீயே கணக்குப் போட்டுக்கொள்.

ஆடி மாதத்துப் புத்தகம் வெறுமையாகத்தான் வரும்.

அக்கா,
தீர்த்தம்மாள்


சேலம்,
5-8-1938

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ மலை ஏறியது பெரிய காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெறும் புத்தகத்தை எப்படி மேசையில் வைப்பேன்? மிட்டாதார் ஐயா அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு வழி சொல்கிறேன். யாரையும் எண்ண வேண்டாம். மணியும் அடிக்க வேண்டாம். காலையில் நீ உள்ளே உட்கார்ந்து எல்லாப் பெயருக்கும் நேராக ஒரு கோடு இழுத்துவிடு. மாலைக்கும் சேர்த்து அப்போதே இழுத்துவிடு. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? இது பொய்யும் இல்லை, பிள்ளைகள் அங்கேதானே இருக்கிறார்கள். எனக்காகச் செய்.

இல்லாவிட்டால் இன்னொன்று கேள். வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடு. மாடியில் அறை காலியாக இருக்கிறது. பாப்பாரப்பட்டிச் சனங்கள் போன வாரம் வந்திருந்தார்கள். பெண்ணுக்கு ஒரு அத்தை உண்டாமே என்று கேட்டார்கள். இண்டூரில் மாமியார் வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன். நான் சொன்னதை நீ மெய்யாக்கிவிட்டால் எல்லாருக்கும் நல்லது.

தம்பி,
மாதையன்


மலையடிவாரம்,
30-10-1938

அன்புள்ள மாதையனுக்கு,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. கோபம் இருந்தது. பெண்ணுக்கு அத்தை எங்கே என்று கேட்டால் இருக்கிற இடத்தைச் சொல்ல உனக்கு நாக்கு வரவில்லை. இருக்கட்டும். இப்போது கோபம் போய்விட்டது, அதற்குக் காரணம் செல்லி. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மலையிலிருந்து திரும்பி வந்ததும் எனக்கு ஒரே கவலை. எண்ணக்கூடாது என்றால் பொழுது சாயும்போது எல்லாரும் வீடு வந்து சேர்ந்தார்களா என்று எப்படித் தெரியும்? ராமக்காவிடம் கேட்டேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு சாயங்காலம் களி கிண்டும்போது பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

அவள் ராகிக் களியை உருண்டை பிடிக்கிறபோது கணக்குப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் நினைத்துக்கொண்டு ஒவ்வொரு உருண்டை பிடிக்கிறாள். மாதேசுக்குத் தேங்காய் அளவு. கருப்பிக்கு நடுத்தரம், பேசிக்கொண்டே தின்பதால் பிய்த்துத் தின்ன வசதியாகக் கொஞ்சம் தட்டையாக. பல் விழுந்த குள்ளனுக்கு இளக்கமாக. செல்லிக்கு எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிதாக. எல்லாவற்றையும் ஈரப் பலகையில் வைத்துவிடுவாள். பிள்ளைகள் கை கழுவிக்கொண்டு வந்து அவரவர் உருண்டையை எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் உருண்டையை ஒருவர் தொடுவதில்லை. பலகை காலியானால் எல்லாரும் வந்தாயிற்று. எனக்கும் இப்போது அந்தக் கை வந்துவிட்டது, பாதி உருண்டை நான்தான் பிடிக்கிறேன்.

போன வாரம் ஒரு நாள் பலகையில் ஒன்று நின்றது. சின்னது. ராமக்கா கொள்ளுக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"இது செல்லியோடதுங்க" என்றாள்.

பேசாத பிள்ளை தம்பி. இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. பொழுது இன்னும் இருட்டவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சீத்தாப்பழம் பறிக்க ஓடைப் பக்கம் போனாள் என்று மாதேஸ் சொன்னான். மல்லையன் கைக்குக் கிடைத்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினான், நான் பின்னாலேயே ஓடினேன். ஓடை நடுவில் இரண்டு பாறைக்கு இடையில் கால் சிக்கி உட்கார்ந்திருக்கிறது பிள்ளை. கூப்பிடவும் இல்லை, அழவும் இல்லை. மடியில் இரண்டு பழம். மலைமேல் கருகருவென்று மழை. நாங்கள் போகும்போது தண்ணீர் அவள் இடுப்பைத் தொட்டுவிட்டது. மல்லையன் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான், நான் பிள்ளையைக் கக்கத்தில் பிடித்து இழுத்தேன். மூன்றாவது நெம்பலில் கால் வந்தது. வீட்டுக்குள் நுழைந்து அவளுக்குத் துணி மாற்றுவதற்குள் ஓடையில் வெள்ளம் இரைகிற சத்தம் கேட்டது. செல்லியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது செல்லி பலகையைப் பார்த்து, "என்னுது எங்க?" என்று கேட்டாள். வந்த நாளிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு. மல்லையன் கால் நகம் பெயர்ந்து ரத்தம் ஒழுக நின்றவன் சிரித்தான், கூடவே அழுதான். ராமக்கா ஆறாமல் மூடி வைத்திருந்த உருண்டையை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

இப்போது நீயே யோசித்துப் பார். நீ சொன்னபடி காலையிலேயே கோடு இழுத்திருந்தால், ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் உன் புத்தகத்தில் செல்லி ஆஜர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பொய்க்கோடு இழுக்க மாட்டேன். மாடி அறைக்கும் வர மாட்டேன். விடுதியை மூடினால் மூடட்டும், மூடுகிறவரைக்கும் உருண்டை பிடிப்பேன்.

அக்கா,
தீர்த்தம்மாள்


சேலம்,
14-11-1938

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதைப் படித்துவிட்டுச் செல்லிக்கு எங்கள் தெருக் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தேன்.

வெட்கத்தோடு ஒன்று எழுதுகிறேன். போன வாரம் ஆபீசுக்கு ஒரு குடியானவர் வந்தார். இங்கே பெரிய விடுதியில் அவருடைய மகன் படிக்கிறான். பார்த்துவிட்டுப் போக வந்தால் பையனைக் காணோம். நான் ஆஜர்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். காலையும் மாலையும் ஒழுங்காக ஆஜர். விசாரித்துப் பார்த்தால் பையன் விடுதியை விட்டுப் போய்ப் பத்தொன்பது நாள் ஆகிறது. அத்தனை நாளும் கோடு இழுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கங்களை முத்துமுத்தான எழுத்தில் அறிக்கைக்குப் பிரதி எடுத்தவன் நான்தான். நல்லவேளை, பையன் அவன் மாமன் ஊரில் சுகமாக இருந்தான். ஆனால் அது தெரிகிறவரைக்கும் அந்த மனிதர் ஆபீஸ் வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. உனக்கு நான் சொன்ன யோசனையும் இதுதானே.

இனி அப்படிக் கேட்க மாட்டேன். மன்னித்துவிடு.

ஆனால் கமிட்டி வருவது வருவதுதான். பொங்கல் கழித்து இருபத்திரண்டாம் தேதி பிரசிடெண்டு ஐயாவும் மிட்டாதார் ஐயாவும் வருகிறார்கள், குறிப்பெடுக்க நானும் வருவேன். மற்றதைப் பற்றி, அதாவது நம் உறவைப் பற்றி, தயவுசெய்து அங்கே எதுவும் பேசாதே. பாப்பாரப்பட்டியில் வெற்றிலை மாற்றத் தேதி பார்க்கிறார்கள்.

தம்பி,
மாதையன்


மலையடிவாரம்,
24-1-1939

சங்கத்துக் கிளார்க்கு மாதையன் அவர்களுக்கு,

நீங்கள் வந்து போன விவரம் உங்களுக்கே தெரியும். ஆனாலும் எழுதிவிடுகிறேன், உங்கள் குறிப்பில் இதெல்லாம் இருக்காது.

பிரசிடெண்டு ஐயா பெரிய மனுஷர். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். பலகையைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டாமா, ஒன்று பெரிது ஒன்று சிறிதாக இருக்கிறதே என்று கேட்டார். ராமக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "பசி சமமாவா இருக்குதுங்க?" என்றாள். அவர் பலகைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். செல்லியின் கதையை மல்லையன் சொல்லக் கேட்டார். தனக்கும் ஒரு உருண்டை வேண்டும் என்று வாங்கிச் சாப்பிட்டார். மிட்டாதார் ஐயா காரை விட்டு அதிக தூரம் வரவில்லை. மொத்தம் எத்தனை உருப்படி என்று அங்கிருந்தே கேட்டார். அதைக் கேட்கக்கூடாது என்று கருப்பி அவருக்குப் புத்தி சொன்னாள்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? "இந்தம்மா, புத்தகத்தை எடுத்து வா" என்றீர்கள். கொண்டுவந்து கொடுத்தேன். நான் தட்டில் களி வைத்து நீட்டியபோது வயிறு சரியில்லை என்றீர்கள். தண்ணீராவது குடியுங்கள் என்றேன். வேண்டாம் என்றீர்கள். என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மாதையா, நம் அம்மா போனபோது உனக்கு நாலு வயது, எனக்குப் பதினொன்று. அந்த வயிற்றுக்கு மூன்று வருஷம் ஊட்டிவிட்டவள் நான். அதற்குக் கூலி கேட்கவில்லை. அக்கா என்று கூப்பிடக்கூட வேண்டாம். ஆனால் பிள்ளைகள் பார்க்க என் கைத் தண்ணீரை நீ வேண்டாம் என்று சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. அது எனக்கு மட்டும் சொன்னது இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் ராமக்காவுக்கும் சொன்னது.

இனி சங்கத்து வேலையாக எழுதினால் பதில் வரும். தம்பியாக எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தீர்த்தம்மாள்,
பொறுப்பாளர்


சேலம்,
8-2-1939

அக்கா,

தம்பியாகத்தான் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் ஒரு தடவை படி.

நேற்று கமிட்டி கூடியது. நான் மூலையில் உட்கார்ந்து நடவடிக்கைகளை எழுதிக்கொண்டிருந்தேன். பிரசிடெண்டு ஐயா விடுதியை ஒரு நாழிகை புகழ்ந்தார். மிட்டாதார் ஐயா எழுந்து புத்தகத்தை எல்லாருக்கும் விரித்துக் காட்டினார். ஆறு மாதமாக ஒரு கோடு இல்லை. "எண்ணவே எண்ணாத ஒரு பொம்பளையை நம்பி எப்படிப் புள்ளைங்களை விடறது? அவ யாரு? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் அவர் சொல்வதும் நியாயம்தான் என்றார்கள். பிரசிடெண்டு ஐயா தன் குறிப்பைப் புரட்டினார். உன்னைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? மூடிவிடலாம் என்று தீர்மானம் எழுதச் சொல்லி என்னைப் பார்த்தார் மிட்டாதார்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். கிளார்க்கு கமிட்டியில் வாய் திறக்கக்கூடாது.

"நான் பொறுப்புங்க. அது என் கூடப்பொறந்த அக்காங்க" என்றேன்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று பிரசிடெண்டு ஐயா கேட்டார். வெட்கமாக இருந்தது என்றேன். "உங்க அக்காளை நினைச்சா?" என்றார். அப்போது அப்படித்தான், இப்போது என்னை நினைத்துத்தான் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ மலை ஏறியது, கோயில் கதவைத் தொட்டது, பொய்க்கோடு இழுக்கச் சொல்லி நான் உனக்கு எழுதியது, நீ மாட்டேன் என்றது. பெரிய விடுதியில் பத்தொன்பது நாள் ஆஜர் போட்ட பக்கத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். உன் தட்டைத் தள்ளியதையும் சொன்னேன். என் வேலை போனாலும் போகட்டும் என்றுதான் பேசினேன் அக்கா.

வேலை போகவில்லை. விடுதி நிற்கிறது. ஆஜர்ப் புத்தகம் வேண்டாம், மாலைச் சாப்பாட்டை நேரில் பார்த்துப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று தீர்மானம் ஆயிற்று. அதோடு சித்தேரி மலைப் பிள்ளைகளுக்கும் இதேபோல் சிறிதாக ஒரு விடுதி தொடங்குவது என்றும், அங்கே வேலைக்கு வருகிறவர்கள் முதலில் ஒரு மாதம் ராமக்காவிடம் இருந்து பழக வேண்டும் என்றும் முடிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தை எழுதியது நான். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான்.

வீட்டுக்கு வந்து பாப்பாரப்பட்டிக்கும் எழுதிவிட்டேன். பெண்ணின் அத்தை இண்டூரில் இல்லை, மலையடிவாரத்தில் பிள்ளைகளை வளர்க்கிறாள், அவர்களோடுதான் சாப்பிடுகிறாள் என்று எழுதினேன். பதில் எப்படி வருமோ தெரியாது. பெரியவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தைய வேண்டாங்கற வூட்டுக்கு நானும் போகலீங்கப்பா" என்றாள். ராணியம்மாளும் சரி என்றுவிட்டாள். என்னைத் தவிர இந்த வீட்டில் எல்லாருக்கும் தைரியம் இருந்திருக்கிறது.

எனக்கு மன்னிப்புக் கேட்க வாயில்லை. வரலாமா என்று மட்டும் கேட்கிறேன்.

உன் தம்பி,
மாதையன்


மலையடிவாரம்,
13-2-1939

அன்புள்ள தம்பி மாதையனுக்கு,

அக்கா தீர்த்தம்மாள் ஆசீர்வாதம். ராணியம்மாளுக்கும் பெரியவளுக்கும் தனியாக ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தபோது பிள்ளைகள் முற்றத்தில் இருந்தார்கள். விடுதி நிற்கிறது என்ற இடம்வரை சத்தமாகப் படித்தேன். அதற்குமேல் அன்றைக்கு யார் படிக்கச் சொன்னாலும் என்னால் முடிந்திருக்காது. மல்லையன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான். சித்தேரி விடுதிக்கு வருகிறவர்கள் தன்னிடம் இருந்து பழக வேண்டும் என்று பிறகு நான் சொன்னதும் ராமக்கா சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். சேதி தெரிந்து சின்னக்காவும் மற்றத் தாய்மார்களும் நேற்று மேளத்தோடு மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டார்கள். இந்தக் கள்ளுக்கடை கட்டிய நாளிலிருந்து இத்தனை ஆட்டம் பார்த்திருக்காது, அதுவும் ஒரு சொட்டு இல்லாமல்.

பாப்பாரப்பட்டியைப் பற்றிக் கவலைப்படாதே. நல்ல சனங்களாக இருந்தால் வருவார்கள். இல்லாவிட்டால் நம் பெண்ணுக்கு இன்னும் நல்ல இடம் நான் பார்ப்பேன்.

உன்னைத் திட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். அத்தனை பெரிய மனுஷர்கள் நடுவில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றாயே, அதை நினைத்தால் திட்டு வரவில்லை. பெருமையாக இருக்கிறது, மாதையா. அம்மா இருந்திருந்தால் ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பாள். அவளுக்குப் பதிலாக நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மொரப்பூரில் மாறிச் சின்ன ரயிலில் தர்மபுரிக்கு வந்துவிடு. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா. வருவது யார் என்று கருப்பி கேட்டாள். என் தம்பி என்றேன். அன்றைக்குக் காரில் வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாரே அவரா என்று விடாமல் கேட்டாள்.

"அன்னைக்கு வந்தது கிளார்க்கு. இப்ப வர்றதுதான் என் தம்பி" என்று சொல்லியிருக்கிறேன்.

ஸ்டேஷனில் மல்லையன் வண்டியோடு நிற்பான்.

உன் அக்கா,
தீர்த்தம்மாள்